பிணை நிற்பவர் யார்?

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

'வணிகமும் சமுதாய உறவும்' என்னும் பொருளில் உரையாற்றுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். இலக்கிய மேடையில் வணிகத்திற்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். தமிழின் முதற்காப்பியத்துத் தலைவன் ஒரு வணிகன்; தலைவி மற்றொரு வணிகனின் மகள். அவர்களைக் கொண்டாடும் நாம் வணிகத்தை இலக்கியத்திற்குப் புறம்பானது என்று தள்ளிவிட இயலாது.

ஒரு தொழில் தழைக்க வேண்டுமாயின் முதல் வேண்டும், திறமை வேண்டும், உழைப்பு வேண்டும் என்பர். இம்மூன்றும் உடையவர்களும் தோற்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். நான்காவதாக ஒன்று தேவைப்படுகிறது. அதனைப் பிணை என்று குறிக்க விரும்புகிறேன். 'இவரை நான் அறிவேன். இவர் சொன்ன சொல் தவறமாட்டார். தவறினால் நான் பொறுப்பு' என்று ஒருவருக்காக மற்றொருவர் நிற்பதே பிணை. அவ்வாறு நிற்பவர் தந்தையாக இருக்கலாம், சாதியாராக இருக்கலாம், ஒரு வணிகக் குழுவாக இருக்கலாம், சட்டமும் வழக்குமன்றமும் வங்கியுமாகவும் இருக்கலாம். யார் பிணை நிற்கிறார் என்பதைப் பொறுத்தே யார் தொழில் தொடங்குகிறார், யார் வெற்றி பெறுகிறார் என்பது பெரிதும் அமைகிறது.

பொருளியல் அறிஞரும் அண்மைக் காலத்தில் இக்கருத்தை வற்புறுத்தியுள்ளனர். 1993ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற டக்ளஸ் நார்த், ஒரு நாட்டின் பொருளாதார நிலை அந்நாட்டு மக்கள் தம்முள் வகுத்துக்கொண்ட நெறிமுறைகளைப் பொறுத்தது என்றார். சமூகவியல் அறிஞர் மார்க் கிரானோவெட்டர் 1985இல் எழுதிய கட்டுரையில், பொருளாதாரச் செயல்கள் யாவும் மனித உறவுகளுக்குள் பதிந்தே நிகழ்கின்றன என்று நிறுவினார். நிறுவனம் என்ற சொல்லை நாம் இன்று கம்பெனி என்னும் பொருளிலேயே வழங்குகிறோம். இவ்வுரையில் அச்சொல்லை நிறுவப்பெற்ற நெறி என்னும் விரிந்த பொருளில் ஆள்கிறேன். சட்டம், வழக்காறு, கோயில், பஞ்சாயத்து, வங்கி ஆகிய யாவும் அதனுள் அடங்கும்.

சிலம்பு விற்கச் சென்றவன்

கோவலன் கதையை இக்கண் கொண்டு ஒருமுறை நோக்குவோம். பொருளெல்லாம் இழந்த கோவலன், கண்ணகியின் சிலம்பையே மூலதனமாக்கி இழந்த செல்வத்தை மதுரையில் மீண்டும் ஈட்டலாம் என்று எண்ணுகிறான். அவன் மதுரைக்குச் செல்வது பிச்சை கேட்பதற்கன்று; தொழில் தொடங்குவதற்கு. தமிழ்க் காப்பியம் நமக்குக் காட்டும் முதல் தொழில் முனைவின் மூலதனம் மனைவியின் அணிகலன் என்பதை நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். பின்னர் அதனிடம் மீண்டும் வருவோம்.

புகார் நகரத்தில் மாசாத்துவான் மகன் என்ற ஒரு சொல்லே கோவலனுக்குப் பிணை. மதுரையில் அச்சொல்லை அறிந்தவர் வேண்டும். அத்தகையோர் அந்நகரில் இல்லாமலும் இல்லை. நகரத்து வணிகர்க்குத் தன் நிலையை உணர்த்தி வருவதாகக் கவுந்தியடிகளிடம் சொல்லிவிட்டே கோவலன் நகருக்குள் செல்கிறான். நகர் கண்டு மீள்கிறான். வணிகரைக் கண்டதாக இளங்கோவடிகள் பாடவில்லை. பின்னர் மாடலனும் கவுந்தியடிகளும், இந்நகரத்துப் பெருவணிகர் உன் பெயரைக் கேட்டாலே உன்னை ஏற்றுக்கொள்வர் என்று எடுத்துரைக்கின்றனர். அதன் பின்னும் அவன் அவர்களிடம் செல்லவில்லை. ஆயர் சேரியில் மாதரியின் மனையில் தங்கி, மறுநாள் தனியே சிலம்புடன் கடைவீதிக்குச் செல்கிறான். கெட்ட நிலையில் குலத்தார் முகத்தில் விழிக்க நாணினான் போலும் என்று நான் கருதுகிறேன். காரணம் எதுவாயினும், பிணை நிற்க ஆளின்றி விலையுயர்ந்த பொருளோடு வேற்றூர்க் கடைவீதியில் நின்ற வணிகன் அவன். அந்நிலையில் அவன் எதிர்ப்பட்டவன் பொற்கொல்லன்.

உறவு என்னும் பிணை இல்லாதவனுக்கு அரசு என்னும் பிணை கைகொடுத்திருக்க வேண்டும். அதுவும் கைவிட்டது. இச்சிலம்பு யாருடையது என்று ஒரு வினா, ஒரு சான்று, ஒரு நாள் அவகாசம் ஆகியவை இருந்திருப்பின் கோவலன் பிழைத்திருப்பான். ஆராயாமல் ஆணையிட்டான் பாண்டியன். அவ்வினாவை எழுப்பிச் சான்றையும் காட்டியவள் கண்ணகி. தன் ஊர் இது, கணவனின் தந்தை இன்னார் என்று அவையில் அவள் முறையாக அறிமுகம் செய்கிறாள். சிலம்பினுள் மாணிக்கப் பரல் இருப்பதைச் சான்றாக்குகிறாள். கோவலனுக்கு ஒரு நாள் முன்னதாகக் கிடைத்திருக்க வேண்டிய அறிமுகமும் விசாரணையும் அவன் இறந்த பின்னர்க் கிடைத்தன. ஊழ்வினையின் கதையாக நாம் கற்பிக்கும் சிலப்பதிகாரம், உறவும் நிறுவனமும் ஒருசேரக் கைவிட்ட ஒரு வணிகனின் கதையுமாகும்.

கடல் கடந்த குழுக்கள்

தனி வணிகனுக்கு நேரக்கூடிய இவ்விடரை இடைக்காலத் தமிழ் வணிகர் நன்கு உணர்ந்திருந்தனர். வேற்றூரில் தனியாக நிற்கக்கூடாது என்பதே அவர்கள் கண்ட பாடம். மணிக்கிராமம், அஞ்சுவண்ணம், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் முதலான வணிகக் குழுக்கள் அவ்வாறு வலுப்பெற்றவை. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கு வெட்டப்பெற்ற ஒரு குளத்தை மணிக்கிராமத்தாரின் பாதுகாப்பில் வைக்கிறது. சுமத்திராத் தீவின் பாரூஸ் பகுதியில் கிடைத்த 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அத்துறைக்கு வரும் மரக்கலத்தார் பொன்னாகச் செலுத்த வேண்டிய கட்டணத்தைப் பற்றி ஐந்நூற்றுவர் செய்த முடிவைப் பதிவு செய்கிறது. கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலு அவர்கள் இதனை ஆராய்ந்து விளக்கியுள்ளார்.

இக்கட்டணங்களைச் சுமையாக மட்டும் கருதலாகாது. கட்டணம் செலுத்தியவன் குழுவின் பாதுகாப்புக்கு உரியவன் ஆகிறான். அவன் பொருளுக்குக் காவல் உண்டு. அவனுக்கு இழைக்கப்படும் தீங்கு குழுவுக்கு இழைக்கப்பட்ட தீங்கு. அரசனின் கை எட்டாத நிலத்தில் வணிகர் தமக்குத் தாமே ஓர் அரசாக அமைந்தனர்.

மற்றொரு சிறப்பும் உண்டு. கி.பி. 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவப் பள்ளிக்கு வழங்கப்பெற்ற செப்பேடு, அப்பள்ளியின் காவற்பொறுப்பை மணிக்கிராமத்தாரிடமும் அஞ்சுவண்ணத்தாரிடமும் ஒப்படைக்கிறது. அஞ்சுவண்ணத்தார் மேற்காசியாவிலிருந்து வந்து தங்கிய வணிகர் என்பது ஆய்வாளர் கருத்து. பிறப்பாலும் சமயத்தாலும் வேறுபட்டோர் ஒரு பொறுப்பில் இணைந்து நின்றமைக்கு இச்செப்பேடு சான்று. பிணை என்பது குலத்துக்குள் மட்டுமே பிறக்கும் என்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

கோயில் மாலையும் கணக்குப் புத்தகமும்

பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் இலங்கை, பர்மா, மலேயா முதலிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் சமூகம், உறவையே நிறுவனமாக்கிய சமூகத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அமெரிக்க அறிஞர் டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட நூல் இதனை விரிவாக ஆராய்கிறது.

கடை ரங்கூனில், முதலாளி செட்டிநாட்டில். தபால் போய்ச் சேரவே பல நாள் ஆகும். அங்குள்ள மேலாள் பணத்தோடு மறைந்துவிட்டால் என்ன செய்வது? இவ்வினாவிற்கு நகரத்தார் கண்ட விடைகள் வியப்புக்குரியவை. சிறுவனாகக் கடைக்குள் நுழைபவன் பெட்டியடிப் பையன், பின்னர் அடுத்தாள், அதன் பின்னரே மேலாள். ஒவ்வொரு படியிலும் அவன் நாணயம் அளக்கப்படுகிறது. பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்கு அவன் கடல் கடந்து செல்கிறான். குடும்பம் ஊரிலேயே இருக்கிறது. முன்பணம் குடும்பத்துக்குத் தரப்படுகிறது. தவணை முடிந்து கணக்கு ஒப்படைத்த பின் அவன் உழைப்புக்கேற்ற பங்கும் கிடைக்கிறது. ஒருவர் கடைக்கு மற்றொருவர் கடையில் பற்று வரவு உண்டு. அதற்குரிய நடப்பு வட்டியை அவ்வூர் நகரத்தார் கூடி முடிவு செய்தனர். கூடும் இடம் பெரும்பாலும் கோயில்.

இளையாற்றங்குடி முதலான ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றைச் சார்ந்தே ஒவ்வொரு நகரத்தார் குடும்பமும் அமைகிறது. திருமணத்துக்குக் கோயில் மாலை வர வேண்டும். மாலை வராத திருமணத்தைச் சமூகம் ஏற்பதில்லை. வாக்குத் தவறியவன் பஞ்சாயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். தன் பிள்ளைகளின் திருமணத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பர்மாவில் எழுதப்பெற்ற கணக்குப் புத்தகத்துக்குச் செட்டிநாட்டுக் கோயில் காவல் இருந்தது எனலாம். 1929-30ஆம் ஆண்டளவில் பர்மாவில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன என்று அக்கால வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. அத்தனை கடைகளையும் பிணைத்த கயிறு இதுவே.

உறவும் தொழிலும் இவ்வாறு பின்னிக் கிடக்கையில் மனித மனம் என்ன பாடுபடுகிறது என்பதைப் புள்ளிவிவரம் சொல்லாது, இலக்கியம் சொல்லும். ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' நாவலில் பினாங்கு வட்டிக்கடை முதலாளி வயிரமுத்துப் பிள்ளை தம் மகள் மரகதத்தைக் கடையில் பணிபுரியும் செல்லையாவுக்குக் கொடுக்க ஒரு காலத்தில் எண்ணியிருந்தவர். செல்லையா நேதாஜியின் படையில் சேர்ந்து துப்பாக்கி ஏந்திய பின்னர் மறுத்துவிடுகிறார். படைவீரனாகிவிட்டவன் பெட்டியடியில் அடங்கி அமர்ந்து வட்டிக்கடை நடத்தமாட்டான் என்பது அவர் கணிப்பு. அவரைக் கொடியவர் என்று சொல்ல மனம் வரவில்லை. தொழிலின் நெறிப்படி அவர் செய்தது முறையான மதிப்பீடே. மருமகனைத் தேர்வதும் மேலாளைத் தேர்வதும் ஒன்றாகிவிட்ட உலகில் வேறு எவ்வாறு அவர் முடிவெடுப்பார்? ஆனால் மரகதத்தின் விருப்பம் அந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் எழுதப்படவில்லை.

நகரத்தார் கடைகளின் முதலில் பெண்களின் பணமும் இருந்தது. ஆச்சிமாரின் சீதனப் பணம் வட்டிக்குக் கடையில் இடப்பெற்றுத் தொழிலில் சுழன்றது. ஆடவர் கடல் கடந்திருந்த ஆண்டுகளில் ஊரில் வீட்டையும் வரவு செலவையும் ஆண்டவர்கள் ஆச்சிமார்களே. கணக்கில் அவர்களின் கூர்மை இன்றும் பேசப்படுகிறது. எனினும் கடல் கடந்த கடைகளில் அவர்களுக்கு இருக்கை இல்லை. கண்ணகியின் சிலம்பு மூலதனமாயிற்று. கடைவீதிக்குச் சென்றவன் கோவலன். நெடுங்காலம் கழித்தும் அந்த ஏற்பாடு மாறவில்லை.

இவ்வமைப்பின் மற்றொரு குறை வெளியார் உறவில் தெரிந்தது. கடை கடையோடு கொண்ட உறவு இரும்பு போன்றது. கடன் பெற்ற பர்மிய உழவரோடு இருந்த உறவோ அடைமானப் பத்திரம் மட்டுமே. 1930இல் நெல் விலை வீழ்ந்தது. கடன் திரும்பவில்லை, நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் 6 விழுக்காடு நகரத்தார் வசம் இருந்தது. 1937இல் அது 25 விழுக்காடு ஆயிற்று. பலர் நிலத்தை விரும்பி வாங்கவில்லை. பணத்துக்கு ஈடாக அது வந்து சேர்ந்தது. ஆயினும் நிலம் இழந்த உழவனுக்கு அந்த வேறுபாடு விளங்குமா? 1942இல் போர் வந்து பலரை நடந்தே நாடு திரும்பச் செய்தது. 1948இல் நிலவுடைமைச் சட்டம் வந்தது. ஒருவருக்கொருவர் பிணை நின்ற சமூகத்துக்கு அந்நாட்டு மக்களிடையே பிணை நிற்க ஆள் இல்லாமற் போயிற்று.

இதனை உணர்ந்தவர்களும் அச்சமூகத்தில் இருந்தனர். சென்னையில் ஆர்பத்நாட் என்னும் ஆங்கிலேய வங்கி 1906இல் முறிந்து எண்ணற்றோரின் சேமிப்பு அழிந்தபோது, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயரின் முயற்சியோடு நகரத்தார் செல்வமும் சேர, 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. 1937இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். குலத்துக்குள் சுழன்ற நாணயம் பொதுமக்களுக்கு உரிய நிறுவனமாக மாறத் தொடங்கிய நேரங்கள் இவை.

மகமையும் பிடி அரிசியும்

செல்வமும் செல்வாக்கும் உடையவர் மட்டுமே இவ்வாறு நிறுவனம் அமைத்தனர் என்று கருதவேண்டா. ஒடுக்கப்பட்டோர் கையில் அது தற்காப்புக் கருவியாயிற்று. இராமநாதபுரத்து நாடார் வணிகர் சந்தைக்குப் பொருள் கொண்டு செல்லும் வழியில் கொள்ளைக்கு அஞ்சிப் பேட்டைகளை அமைத்தனர். வண்டியும் மாடும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்கும் மதில் சூழ்ந்த இடமே பேட்டை. அதன் செலவுக்காகச் சரக்கின் மீது மகமை என்னும் சிறு தொகை தண்டினர். அதனை ஆண்டது உறவின்முறை. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக அவர்கள் வழக்குமன்றம் ஏற வேண்டியதாயிற்று. 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றும் தோற்றனர். 1899இல் சிவகாசி கலவரத் தீயில் எரிந்தது. அரசின் நிறுவனங்கள் பிணை நிற்காதபோது, தம் மகமையே தமக்குப் பிணை என்று அவர்கள் கண்டனர்.

மகமையிலிருந்து கிணறு வந்தது, பள்ளி வந்தது. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலைக்கு வீடுதோறும் பிடி அரிசி ஒதுக்கி வைத்து உதவினர் என்பர். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தவள் அவ்வீட்டுப் பெண். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றியது. 1962இல் அது தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி எனப் பெயர் மாறியது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். அவர்கள் துணிவு போற்றுதற்குரியது. அத்துணிவுக்குப் பின்னால் உறவின்முறையின் ஆதரவும், அதே ஆண்டில் அயல்நாட்டுத் தீப்பெட்டிகள் மீது உயர்த்தப்பட்ட இறக்குமதி வரியும் இருந்தன என்பதையும் மறத்தலாகாது. தனிமனிதனின் துணிவு வித்து, உறவு நிலம், அரசின் நெறி மழை. ஒன்று குறைந்தாலும் பயிர் இல்லை.

அப்பிடி அரிசிப் பள்ளியில் பயின்ற ஒரு சிறுவன் 1954இல் இம்மாநிலத்தின் முதலமைச்சரானார். காமராசர் தம் உறவின்முறை தமக்குச் செய்ததை எல்லாக் குலத்துப் பிள்ளைகளுக்கும் அரசின் வழியாகச் செய்தார். ஊர்தோறும் பள்ளி; 1956இல் மதிய உணவு. உறவின்முறையின் பிடி அரிசி பொதுப் பள்ளியின் சத்துணவாக விரிந்தது என்று நான் இதனைப் படிக்கிறேன். நிறுவனங்களின் வளர்ச்சி என்றால் இதுவே வளர்ச்சி.

மதிலுக்கு வெளியே

அவையோரே, இதுவரை உறவின் பெருமையைச் சொன்னேன். பேட்டையின் மதில் உள்ளே இருப்பவனைக் காக்கிறது. அதே மதில் வெளியே இருப்பவனைத் தடுக்கிறது. ஒருவனுக்கு மாமன் கடையில் வேலை, சித்தப்பன் தரும் சரக்குக் கடன், ஊர்க்காரர் சொல்லும் சந்தை நிலவரம் ஆகிய யாவும் பிறப்போடு கிடைக்கின்றன. தலைமுறை தலைமுறையாக நிலமும் கடையும் மறுக்கப்பட்ட குடியில் பிறந்தவனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவன் திறமையில் குறைந்தவன் அல்லன். அவனுக்குப் பிணை நிற்பவர் இல்லை. அவன் தோற்றால், 'அவர்களுக்கு வியாபாரம் வராது' என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இது நாம் நாள்தோறும் பேசும் பொய்களுள் ஒன்று.

பெண்ணின் நிலை இன்னும் விந்தையானது. அவள் மதிலுக்கு உள்ளே இருப்பவள். ஆனால் வாயிற் சாவி அவளிடம் இல்லை. என்னிடம் பயின்ற மாணவி ஒருவர் கணவரை இழந்த பின் தையற்கூடம் தொடங்க எண்ணி ஒரு வங்கிக் கிளைக்குச் சென்றார். வீட்டில் ஆண்துணை யாரேனும் கையொப்பம் இடுவார்களா என்பதே அவரிடம் கேட்கப்பெற்ற முதல் வினா. அவர் தைப்பதன் நேர்த்தி பற்றியோ, அவரிடம் துணி கொடுக்கும் வீடுகள் எத்தனை என்பது பற்றியோ எவரும் வினவவில்லை. ஈடு காட்டச் சொத்தும் அவர் பெயரில் இல்லை.

இங்கேதான் சட்டத்தின் ஆற்றல் புலப்படுகிறது. 1989இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு நிகரான உரிமை அளித்தது. 2005இல் நாடு முழுமைக்கும் அவ்வுரிமை வந்தது. இதனைக் குடும்ப விவகாரமாக மட்டும் காண்பது பிழை. சொத்து பெயரில் இருந்தால் வங்கியில் ஈடு உண்டு. ஈடு இருந்தால் கடன் உண்டு. கடன் இருந்தால் தொழில் உண்டு. ஆனால் சட்டம் தந்த பங்கினை, 'அண்ணன் மனம் நோகும்' என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடும் சகோதரியர் இன்றும் எத்தனை பேர்! நிறுவனம் திறந்த கதவை உறவு மூடிவிடுகிறது.

பெண்கள் வேறொரு வழியும் கண்டனர். சென்னையில் 1978இல் தொடங்கிய உழைக்கும் மகளிர் அமைப்பு தெருவோர வியாபாரிகளான ஏழைப் பெண்களை ஒன்றுதிரட்டிக் கடன் பெறச் செய்தது. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் அமைந்தன. 1992இல் நபார்டு வங்கி இத்தகைய குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முயற்சியைத் தொடங்கியது. சொத்து இல்லாத பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நின்றனர். அப்பிணையை வங்கி ஏற்றது. மேற்சொன்ன மாணவியும் பின்னர் 15 பெண்கள் கொண்ட ஒரு குழுவின் வழியாகவே தம் முதல் எந்திரத்தை வாங்கினார். ஐந்நூற்றுவர் கடல் கடந்து கண்ட உண்மையை இவர்கள் தம் தெருவிலேயே கண்டனர்.

இதிலும் எச்சரிக்கை தேவை. சேமிப்பும் பழக்கமும் வளருமுன்னே பணத்தைத் திணித்து, தவணை தவறினால் அண்டை வீட்டுப் பெண்களைக் கொண்டே அவமானப்படுத்தி வசூலிக்கும் நுண்கடன் நிறுவனங்களும் தோன்றின. 2010இல் ஆந்திர மாநிலம் அவற்றைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. தாங்குவதற்கு உரிய கை கழுத்தை நெரிக்கவும் வல்லது. உறவைப் பிணையாகக் கொள்வதற்கும் உறவைப் பணயமாகக் கொள்வதற்கும் இடையே உள்ள கோட்டைக் காக்க, உறவுக்கு மேலே ஒரு நெறி வேண்டும்.

நடுவு நிலைமை

அந்நெறி எது? வள்ளுவப் பெருந்தகையிடம் செல்வோம். வாணிகம் செய்வார்க்கு அவர் உரைத்த அறம் எந்த அதிகாரத்தில் உள்ளது? பொருள் செயல்வகையில் அன்று, ஊக்கமுடைமையில் அன்று, நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளாக உள்ளது. பிறர் பொருளையும் தம் பொருள் போல் பேணுக என்பது அதன் கருத்து. ஊக்கமோ திறமையோ மட்டும் வணிகத்தின் அடிப்படை ஆகாது. தன்னையும் பிறனையும் ஒரே தராசில் நிறுத்தும் நடுநிலையே அடிப்படை என்பது அவ்வைப்பு முறையால் நாம் உணரத்தக்கது.

உறவு இயல்பாகவே ஒருபக்கம் சாய்வது. அது குற்றமன்று, அன்பின் இயல்பு அது. பொது நிறுவனம் என்பது நடுவு நிலைமையை ஓர் இருக்கையில் அமர்த்தி வைப்பது. வங்கியின் மேசையும், வழக்குமன்றத்தின் மேடையும், சார்பதிவாளர் அலுவலகமும் அவ்விருக்கைகள். எவருடைய மகன், எவருடைய மனைவி, எந்தத் தெரு என்று கேளாமல், என்ன தொழில் அறிவாய், எவ்வாறு திருப்பித் தருவாய் என்று அவை கேட்கும் நாளில், பிறப்பால் பிணை பெறாதவர்க்கும் பிணை கிடைக்கும். குலத்தின் பிணை பெற்று முன்னேறியவர்கள் அப்பொதுப் பிணையை வலுப்படுத்துவதே அவர்கள் தம் முன்னோர்க்குச் செலுத்தும் நன்றிக்கடன். காமராசர் காட்டிய வழி அதுதான்.

இவ்விலக்கிய வட்டமும் ஒரு நிறுவனமே. பத்தாண்டுகளாகப் பிறப்பால் அன்றி விருப்பத்தால் கூடியவர்கள் நாம். இவ்வவையில் வங்கி அலுவலர் உளர், வழக்கறிஞர் உளர், கடை நடத்துவோர் உளர். பதினொன்றாம் ஆண்டில் நாம் ஒன்று செய்யலாம். தொழில் தொடங்க விரும்பி, அறிமுகம் செய்வார் இன்றி நிற்கும் ஓர் இளைஞனையோ பெண்ணையோ ஆளுக்கு ஒருவராகத் தேர்ந்து, விண்ணப்பம் எழுதவும், கணக்கு வைக்கவும், அலுவலரைச் சந்திக்கவும் துணை நிற்கலாம். பணம் தர வேண்டுமென்பதில்லை. 'இவரை நான் அறிவேன்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த ஒரு சொல் கிடைக்காமல் மதுரைக் கடைவீதியில் ஒருவன் மடிந்ததைத்தான் நாம் காப்பியமாகப் போற்றிவருகிறோம்.